எலைட் கணினி விளையாட்டில் இடம்பெறாத விண்கலங்கள்

எலைட் என்பது 1984 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்வெளி வணிகக் கணினி விளையாட்டு ஆகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிராபென், இயன் பெல் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். முப்பரிமாணக் கோட்டுருவங்களாக வரையப்பட்ட விண்கலங்களும், வீரர் தம் விருப்பம்போல் உலவக்கூடிய பரந்த அண்டமும் இவ்விளையாட்டின் சிறப்புகள். எனினும் கையேட்டில் விவரிக்கப்பட்ட எல்லாக் கலங்களும் திரையில் தோன்றவில்லை. சில கலங்கள் சில பதிப்புகளில் மட்டும் நீக்கப்பட்டன. தலைமுறைக் கலம் எனப்பட்ட ஒன்று முதல் எலைட்டின் எந்தப் பதிப்பிலும் வரையப்படவே இல்லை. ஆயினும் அதைத் தேடியவர்கள் பலர். இக்கட்டுரை அந்த விடுபட்ட கலங்களைப் பற்றியும், அவை விடுபட்டதற்கான கணக்கைப் பற்றியும் கூறுகிறது.

பின்னணி

பிபிசி மைக்ரோ என்னும் கணினி 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் இதனை வடிவமைத்தது. இந்தியாவிலும் 1984-85இல் தொடங்கிய கிளாஸ் எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தக் கணினியே பயன்படுத்தப்பட்டது. இதன் பி மாதிரியில் இருந்த நினைவகம் 32 கிலோபைட்டு, அதாவது 32,768 பைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

பிராபெனும் பெல்லும் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் 1982இல் சந்தித்தனர். பெல் கணிதம் பயின்றவர். பிராபென் இயற்கை அறிவியல் பயின்றவர். பெல் எழுதிய ஃப்ரீஃபால் என்னும் விளையாட்டை ஏகார்ன்சாஃப்ட் முன்னரே வெளியிட்டிருந்தது. பிராபென் தம்மிடமிருந்த ஏகார்ன் ஆட்டம் கணினியில் முப்பரிமாண உருவங்களை அசையச் செய்து பார்த்திருந்தார். இருவரின் முயற்சிகளும் ஒன்றுசேர்ந்தபோது எலைட் பிறந்தது.

அக்காலத்துக் கணினி விளையாட்டுகளுக்கு ஓர் எழுதப்படாத இலக்கணம் இருந்தது. மூன்று உயிர்கள், ஏறிக்கொண்டே போகும் புள்ளிகள், பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம் என்பதே அது. எலைட்டை முதலில் பார்த்த தோர்ன் இஎம்ஐ நிறுவனம் இந்த இலக்கணத்துக்கு அது பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டது. பின்னரே ஏகார்ன்சாஃப்ட் அதனை ஏற்றுக்கொண்டது.

32 கிலோபைட்டில் ஓர் அண்டம்

எலைட்டில் 8 விண்மீன் திரள்கள் உள்ளன. ஒவ்வொரு திரளிலும் 256 கோள் மண்டலங்கள். ஆக மொத்தம் 2,048 மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம், தொழில்நுட்ப நிலை, விலைப்பட்டியல் ஆகியவை உண்டு. இவற்றையெல்லாம் எழுதி வைக்க நினைவகத்தில் இடமில்லை. எனவே அவை எழுதி வைக்கப்படவில்லை. தேவைப்படும்போது கணக்கிட்டுப் பெறப்பட்டன.

இதற்கு 6 பைட்டு நீளமுள்ள ஒரு தொடக்க எண் போதுமானதாக இருந்தது. அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட விதிப்படி கூட்டிக் கூட்டிச் சென்றால் அடுத்தடுத்த மண்டலங்கள் வரும். முன்னிரண்டு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் ஃபிபோனாச்சி தொடரைப் போன்றது இம்முறை. தொடக்க எண் மாறாத வரையில் விடையும் மாறாது. ஆகவே லேவ் என்னும் கோள் உலகின் எந்தக் கணினியிலும் அதே இடத்தில், அதே பெயருடன் தோன்றியது.

6 பைட்டு என்பது 48 பிட். இதைக்கொண்டு 281 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட திரள்களை உருவாக்க இயலும். ஆக்குநர்களின் முதல் எண்ணமும் அவ்வளவு பெரியதாகவே இருந்தது. ஆனால் அத்தனை திரள்களைக் கொடுத்தால் எல்லாம் எந்திரம் கக்கியது என்று வீரருக்குத் தெரிந்துவிடும் என ஏகார்ன்சாஃப்ட் கருதியதால் எண்ணிக்கை எட்டாகக் குறைக்கப்பட்டது. ஒரு திரளிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது தொடக்க எண்ணின் ஒவ்வொரு பைட்டும் ஓர் இடம் சுழற்றப்படும். ஒரு பைட்டில் 8 பிட் உள்ளதால் எட்டாவது சுழற்சியில் பழைய எண்ணே திரும்பி வரும். எட்டுத் திரள்களைச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதன் காரணம் இதுவே.

கோள்களைக் கணக்கிட்டுப் பெறலாம். விண்கலங்களை அப்படிப் பெற முடியாது. ஒரு கலத்தின் வடிவத்தை வடிவமைப்பாளர் முனை முனையாக எழுதி வைத்தே தீர வேண்டும். எலைட்டில் எல்லையற்ற அண்டமும் எண்ணிக்கையில் அடங்கிய கலங்களும் அமைந்தது இதனால்தான்.

ஒரு கலத்துக்கு எத்தனை பைட்டு?

கலத்தின் வடிவம் மூன்று பட்டியல்களாகச் சேமிக்கப்பட்டது. முனைகள், விளிம்புகள், முகங்கள் என்பன அவை. பள்ளி வடிவியலில் கனவடிவங்களைப் பற்றிப் படிக்கும்போது வருகின்ற அதே மூன்று சொற்கள். ஒரு முனைக்கு 6 பைட்டு, ஒரு விளிம்புக்கு 4 பைட்டு, ஒரு முகத்துக்கு 4 பைட்டு தேவைப்பட்டன. இவற்றுக்கு முன்னால் கலத்தின் வேகம், வலிமை முதலியவற்றைக் கூறும் 20 பைட்டு தலைப்புப் பகுதி இருந்தது.

வீரர் கப்பல் இறக்கும் கோரியோலிஸ் விண்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கனசதுரத்தின் எட்டு மூலைகளையும் விளிம்புகளின் நடுப்புள்ளி வரை வெட்டி எடுத்தால் கிடைக்கும் வடிவம் அது. அவ்வடிவத்துக்கு 12 முனைகள், 24 விளிம்புகள், 14 முகங்கள். ஆய்லரின் விதிப்படி 12 - 24 + 14 = 2 என்று சரியாக வரும். நுழைவாயிலாகிய செவ்வகத்துக்கு மேலும் 4 முனைகளும் 4 விளிம்புகளும் சேர, 16 முனைகள், 28 விளிம்புகள், 14 முகங்கள் ஆகின்றன. கணக்கிட்டால் 20 + 96 + 112 + 56 = 284 பைட்டு. வீரரின் கலமாகிய கோப்ரா மார்க் 3க்கு 28 முனைகள், 38 விளிம்புகள், 13 முகங்கள். அதற்கு 392 பைட்டு.

இந்தத் தொகைகள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் மொத்த நினைவகமான 32 கிலோபைட்டில் திரைக்கு மட்டும் ஏறத்தாழ 8 கிலோபைட்டு சென்றது. கணினியின் சொந்த வேலைகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. எஞ்சியது ஏறத்தாழ 22 கிலோபைட்டு. பறத்தல், போர், வணிகம், வரைபடம், எதிரிகளின் தந்திரம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அந்நிலையில் 300 பைட்டு என்பது ஒரு கலத்தை வைத்துக்கொள்வதா, ஒரு செயலை வைத்துக்கொள்வதா என்ற கேள்வியாகிவிடும்.

சிக்கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தார்காய்டு எனப்படும் வேற்றுலகினரின் தாய்க்கலத்திலிருந்து தார்கான் என்னும் சிறு கலங்கள் வெளிவரும். வெடித்த கலங்களிலிருந்து சிதறி மிதக்கும் சரக்குப் பெட்டி ஐங்கோணப் பட்டகம் ஆகும். அதற்கு 10 முனைகள், 15 விளிம்புகள், 7 முகங்கள். தார்கானின் அமைப்பும் அவ்வாறே. எனவே தார்கானுக்கெனத் தனி விளிம்புப் பட்டியல் எழுதப்படவில்லை. முனைகளை மட்டும் மாற்றிவிட்டு, சரக்குப் பெட்டியின் விளிம்புப் பட்டியலையே அது கடன் வாங்கிக்கொண்டது. மிச்சம் 60 பைட்டு.

வடிவத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பின்பக்கத்து விளிம்புகள் தெரியாதபடி மறைத்தால்தான் கலம் கனவடிவமாகத் தோன்றும். இதற்கு எலைட் எளிய வழி ஒன்றைக் கையாண்டது. ஒவ்வொரு முகமும் எந்தத் திசையை நோக்கியுள்ளது என்பது கணக்கிடப்படும். வீரரை நோக்கிய முகங்களைச் சேர்ந்த விளிம்புகள் மட்டும் வரையப்படும். குழிவில்லாத குவிந்த வடிவங்களுக்கே இம்முறை சரியான விடை தரும். வளையம், கைப்பிடி, உட்குடைவு கொண்ட கலங்களை இம்முறையால் ஒழுங்காக வரைய இயலாது. எலைட்டின் கலங்கள் பட்டை தீட்டிய கற்களைப்போல் இருப்பது அழகுக்காக மட்டும் அன்று.

பதிப்புதோறும் மாறிய கலங்கள்

எலைட் ஒலிநாடாவிலும் நெகிழ்வட்டிலும் விற்கப்பட்டது. ஒலிநாடாப் பதிப்பில் எல்லாம் ஒரே முறையில் நினைவகத்தில் ஏற வேண்டும். அதனால் கலங்களின் எண்ணிக்கை குறைவு. சிறப்புப் பணிகளும் இல்லை.

நெகிழ்வட்டுப் பதிப்பில் இக்கட்டு சற்றுத் தளர்ந்தது. நிலையத்தில் நிற்கும்போது வணிகத்துக்கான நிரலும், புறப்பட்டதும் பறத்தலுக்கான நிரலும் மாறி மாறி வட்டிலிருந்து ஏற்றப்பட்டன. அனகோண்டா, போவா, ஆடர், கிரெய்ட் போன்ற கலங்கள் இதில் கூடின. கலங்களின் பெயர்கள் பெரும்பாலும் பாம்புகளின் பெயர்கள். கோப்ரா என்பது நாகம். கிரெய்ட் என்பது நம் ஊர்க் கட்டுவிரியனின் இனம். பன்னிரு முகங்கொண்ட டோடோ விண்நிலையமும், திருடப்பட்ட கன்ஸ்டிரிக்டர் கலத்தை வேட்டையாடும் பணியும் இப்பதிப்பில் சேர்ந்தன. அப்போதும் எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கவில்லை. கலங்கள் 16 கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பயணத்திலும் அவற்றுள் ஒன்று மட்டும் ஏறும். ஒரு மண்டலத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சில கலங்கள் கண்ணில் படாததற்கு இதுவே காரணம்.

நேரடியான வெட்டு நிகழ்ந்தது எலெக்ட்ரான் பதிப்பில். ஏகார்ன் எலெக்ட்ரான் என்பது 1983இல் வந்த மலிவான கணினி. அதற்கும் 32 கிலோபைட்டு நினைவகமே. ஆனால் வேகம் குறைவு. பிபிசி மைக்ரோவின் சில வன்பொருள் வசதிகளும் அதில் இல்லை. பிபிசி மைக்ரோவில் திரையின் மேற்பகுதி கறுப்பு வெள்ளையாகவும் கீழ்ப்பகுதி வண்ணத்திலும் தெரியும். எலெக்ட்ரானில் முழுத்திரையும் கறுப்பு வெள்ளையே. அப்பதிப்பில் சூரியன்கள் இல்லை. தார்காய்டுகளும் இல்லை.

தார்காய்டின் கலம் எண்கோண வடிவமுடையது. அதற்கு 20 முனைகள், 26 விளிம்புகள், 10 முகங்கள். கணக்கிட்டால் 20 + 120 + 104 + 40 = 284 பைட்டு. கோரியோலிஸ் நிலையத்துக்கு ஆன அதே தொகை! நிலையம் இன்றி விளையாட்டு இல்லை. தார்காய்டு இன்றி விளையாட்டு நடக்கும். எனவே நிலையம் தங்கியது, தார்காய்டு போயிற்று. எலைட்டின் மிக அச்சமூட்டும் பகைவரை எலெக்ட்ரான் வைத்திருந்த சிறுவர்கள் தம் திரையில் ஒருநாளும் சந்திக்கவில்லை.

தலைமுறைக் கலம்

விளையாட்டுப் பெட்டியில் ஒலிநாடாவோ வட்டோ மட்டும் இருக்கவில்லை. விண்வணிகருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றும், ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய தி டார்க் வீல் என்னும் குறுநாவலும் உடன் தரப்பட்டன. திரையில் சில வெள்ளைக் கோடுகளே தெரிந்த உலகத்துக்குச் சதையும் உயிரும் ஊட்டியவை இந்த அச்சுப் பக்கங்கள். தாளுக்கு நினைவகக் கட்டுப்பாடு கிடையாது.

அக்கையேட்டில் தலைமுறைக் கலங்கள் பற்றிய குறிப்பு இருந்தது. மீவெளித் தாவல் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் விண்மீன்களை நோக்கிப் புறப்பட்ட மாபெரும் கலங்கள் அவை. ஒளியைவிட மிக மெதுவாகச் செல்பவை. புறப்பட்டவர்கள் வழியிலேயே வாழ்ந்து முடிவர். அவர்களுடைய வழித்தோன்றல்களே போய்ச் சேர்வர். அவை இன்னும் விண்வெளியில் சென்றுகொண்டிருக்கின்றன என்று கையேடு கூறியது. விண்வெளித் தூர்வாரிகள் எனப்பட்ட வேறு சில மாபெரும் கலங்களும் அதில் குறிப்பிடப்பட்டன.

தலைமுறைக் கலம் எலைட்டின் கண்டுபிடிப்பு அன்று. ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்ட் 1918இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வெண்ணத்தின் வித்து உள்ளது. உருசிய அறிஞர் சியல்கோவ்ஸ்கி 1928இலும், இயற்பியலாளர் ஜே. டி. பெர்னல் 1929இலும் இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதினர். 1941இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய யூனிவர்ஸ் என்னும் கதையில், கலத்துக்குள் பிறந்த மக்கள் கலமே உலகம் என்று நம்பி வாழ்கின்றனர். இந்த மரபு கையேட்டின் வழியாக எலைட்டுக்குள் வந்தது.

விளையாட்டில் அதற்கு இடமில்லாதது ஏன்?

தலைமுறைக் கலத்தை வரைவதில் மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது பைட்டுக் கணக்கு. புதிய கலம் ஒன்றுக்கு வேறொன்றை இழக்க வேண்டும் என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது அளவு. ஒவ்வொரு முனையின் அச்சுத்தொலைவும் ஒரே பைட்டில் எழுதப்பட்டது. அதன் உச்ச மதிப்பு 255. அதனால் நடுவிலிருந்து இருபுறமும் சேர்த்து 510 அலகுக்கு மேல் எந்தக் கலமும் அகலமாக இருக்க இயலாது. கோரியோலிஸ் நிலையம் 320 அலகு அகலம். கோப்ரா 256 அலகு. ஒரு மனிதன் ஓட்டும் கலத்தின் அகலம் நிலையத்தின் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கு! ஓர் ஊரையே சுமந்து செல்லும் கலத்தை இந்த அளவுகோலில் எங்கே வைப்பது? அதன் பெருமையைக் காட்டும் வழியே அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவதுதான் அடிப்படையானது. எலைட்டில் வீரர் ஒரு மண்டலத்திலிருந்து மற்றொன்றுக்கு மீவெளி வழியே தாவுகிறார். தாவல் முடிந்ததும் கோளின் அருகே தோன்றுகிறார். விண்மீன்களுக்கு இடையிலுள்ள பெருவெளியை விளையாட்டு தாண்டிச் சென்றுவிடுகிறது. தாவல் இடையில் முறியும்போது தார்காய்டுகள் காத்திருக்கும் சூனியவெளி ஒன்றுதான் அதற்கு விதிவிலக்கு. தலைமுறைக் கலமோ தாவத் தெரியாத கலம். அது வாழ்வது, விளையாட்டு தாண்டிச் சென்ற அந்தப் பெருவெளியில். ஆகவே கலத்தை வரைந்திருந்தாலும் அதை நிறுத்த இடம் இருந்திருக்காது.

தேடலும் சரிபார்ப்பும்

இக்கணக்குகள் எதுவும் 1984இல் விளையாடியவருக்குத் தெரியாது. அவர் கையில் இருந்தது கையேடு. கையேடு உண்டு என்றது. திரையில் இதுவரை தோன்றவில்லை. அப்படியானால் இன்னும் தேட வேண்டும் என்பதே இயல்பான முடிவு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் இருந்ததால் தேடலுக்கு முடிவும் இல்லை. கண்டதாகச் சொன்னவர்களின் பேச்சும் பரவியது.

ஒரு பொருள் உண்டு என்று நிறுவ ஒரு முறை காட்டினால் போதும். இல்லை என்று நிறுவ எல்லா இடங்களையும் பார்த்து முடிக்க வேண்டும். விளையாடிப் பார்ப்பவரால் அது இயலாத காரியம். நிரலைப் படிப்பவரால் இயலும். எல்லாக் கலங்களின் வரைவுகளுக்கும் நிரலில் ஓர் அட்டவணை உண்டு. அதில் இல்லாத கலம் திரையில் தோன்ற வழியில்லை. பின்னாளில் இயன் பெல் தம் இணையதளத்தில் எலைட்டின் நிரல்களை வெளியிட்டார். ஆர்வலர்கள் அவற்றை வரிக்கு வரி விளக்கி எழுதினர். அட்டவணையில் தலைமுறைக் கலம் இல்லை என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

அதே ஆய்வில் நேர்மாறான ஒன்றும் வெளிப்பட்டது. இரண்டாம் செயலி இணைத்த பிபிசி மைக்ரோவுக்கான பதிப்பில் கூகர் என்னும் கலத்தின் வரைவு முழுமையாக உள்ளது. ஆனால் அது மிக மிக அரிதாகவே தோன்றும். ஆகவே நிரலில் இருந்த கலத்தைக் கண்டவர் வெகு சிலர். நிரலில் இல்லாத கலத்தைத் தேடியவர் ஏராளம்.

பிற்காலத் தோற்றங்கள்

எலைட்டைத் தழுவித் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஊலைட் என்னும் கட்டற்ற விளையாட்டு 2004இல் வெளிவந்தது. அதற்குப் புதிய கலங்களை எவரும் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் தலைமுறைக் கலமும் ஒன்று.

பிராபெனின் நிறுவனம் 2014 டிசம்பரில் எலைட் டேஞ்சரஸ் என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டது. 2017 தொடக்கத்தில் தார்காய்டுகள் அதில் மீண்டும் தோன்றினர். அதே ஆண்டில் தலைமுறைக் கலங்களும் தோன்றின. வீரர்கள் குறிப்புச் செய்திகளைத் தொடர்ந்து சென்று அவற்றைக் கண்டுபிடித்தனர். பெரும்பாலானவை உயிரற்ற கூடுகள். உள்ளே வாழ்ந்தவர்களின் முடிவைக் கூறும் ஒலிப்பதிவுகள் மட்டும் அவற்றில் எஞ்சியிருந்தன. பின்னர் கோல்கொண்டா எனப் பெயரிடப்பட்ட ஒரு கலத்தில் மட்டும் பயணிகளின் வழித்தோன்றல்கள் உயிருடன் இருந்ததாகக் கதை அமைக்கப்பட்டது.

மதிப்பீடு

விடுபட்ட கலங்களின் வரலாறு இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, ஒரு படைப்பில் எது நீக்கப்பட்டது என்பதை அறிந்தால், எது இன்றியமையாதது என்று ஆக்குநர்கள் கருதினர் என்பதும் தெரியவரும். எலெக்ட்ரானில் தார்காய்டு நீங்கி நிலையம் தங்கியதிலிருந்து, எலைட்டின் உயிர்நாடி போர் அன்று, வணிகப் பயணமே என்று உணரலாம். இரண்டாவது, ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் நிரலை மட்டும் பாதுகாத்தால் போதாது. கையேட்டின் பக்கங்கள் தொலைந்திருந்தால், தலைமுறைக் கலத்தை இத்தனை பேர் ஏன் தேடினர் என்பதற்கு நிரலில் விடை கிடைத்திருக்காது. பெட்டி, கையேடு, குறுநாவல், பல்வேறு பதிப்புகள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பேணினால்தான் வரலாறு முழுமை பெறும்.

எலைட் வெளிவந்து 33 ஆண்டுகள் கழித்தே தலைமுறைக் கலம் அதே பெயர் வரிசையிலான ஒரு விளையாட்டில் வரையப்பட்டது. முதல் கையேட்டை வாசித்த சிறுவர்களில் பலர் அதற்குள் நடுவயதை எட்டியிருந்தனர்.